உங்களுக்குத் தெரியுமா? அழுகைக்கு எத்தனை சொல்!

◆ 'ஐயோ' இப்போது ஓர் ஆங்கிலச் சொல். 2016ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி அதைத் தன் பக்கங்களில் சேர்த்துக்கொண்டது. முல்லைத்தீவுக் கரையில் படகு திரும்பி வராத நாளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சொல்லைத்தான் சொல்லி அலறுவார்கள். மொழி மூன்றானாலும் அந்தச் சொல் மட்டும் பொது. அது ஆங்கிலத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தது நியாயமே.

◆ அதே ஐயோவைக் கம்பர், இராமனின் அழகைச் சொல்லி முடியாமல் திகைக்கிற இடத்தில் வைத்திருக்கிறார். துயரத்துக்கு மட்டும் உரிய சொல் அல்ல அது. ஆனாலும் எங்கள் வீடுகளில் சும்மா 'ஐயோ' என்றால் ஆச்சிமார் வாயை மூடச் சொல்வார்கள். யமனின் பெண்சாதிக்கு அதுதான் பெயராம், கூப்பிட்டால் வந்துவிடுவாளாம்.

◆ ஆங்கிலக் கவிதைகளில் அடிக்கடி வரும் 'அலாஸ்' எங்கிருந்து வந்தது? பழைய பிரெஞ்சில் 'ஆ, லாஸ்'. 'லாஸ்' என்றால் களைத்தவன், அலுத்தவன். அதற்கும் மூலம் இலத்தீன். ஆக, 'அலாஸ்' என்று கதறியவன் முதலில் சொன்னது 'நான் களைத்துப் போனேன்' என்பதையே. மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்த வன்னிச் சனத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

◆ 'சொரி', 'சொரோ' இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 'சொரி'யின் பழைய வேர் புண், நோவு. 'சொரோ'வின் வேர் கவலை. ஒலி நெருக்கத்தால் காலப்போக்கில் பொருளும் நெருங்கிவிட்டது. காலை மிதித்தாலும் 'சொரி', பிள்ளையை இழந்தவளிடமும் 'சொரி'. இரங்கலையும் மன்னிப்பையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற வசதி ஆங்கிலத்துக்கு இருக்கிறது. தமிழில் இரண்டையும் தனித்தனியே சொல்லியாக வேண்டும்.

◆ 'கிரீஃப்' என்ற சொல்லின் இலத்தீன் வேருக்குப் பொருள் கனம்.

◆ 'பிரீவ்' என்று ஒரு சொல். சாவில் ஒருவரை இழந்தவர்களைக் குறிக்க ஆங்கிலேயர் அதைப் பயன்படுத்துகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கொள்ளையடித்தல், பறித்தல் என்று பொருள். 'பிள்ளையைப் பறிகொடுத்தவள்' என்கிறோமே, அதேதான். இரண்டு மொழிக்காரரும் ஒருவரைக் கேட்டு ஒருவர் சொன்னதில்லை. சாவு இயல்பாக வந்து போவதில்லை, யாரோ வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்றே இருவருக்கும் தோன்றியிருக்கிறது. நம் 'இழவு' என்ற சொல்லுக்குள்ளும் 'இழத்தல்' நிற்கிறது.

◆ 'கொண்டோலன்ஸ்' என்று மரண வீட்டுப் பதிவேட்டில் எழுதுகிறோம். இலத்தீனில் 'கொன்' என்றால் கூட, 'டொலேரே' என்றால் நோதல். கூடச் சேர்ந்து நோதல். 1600ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய சொல் இது. நாம் அதற்கு ஈடாக எழுதும் 'அனுதாபம்' வடமொழியிலிருந்து வந்தது. 'தாபம்' என்றால் வெப்பம். வடமொழியில் அனுதாபம் என்பது செய்த பிழைக்காக நெஞ்சு வேகும் கழிவிரக்கம். தமிழுக்கு வந்தபின் அது மற்றவருக்காக வேகிற நெஞ்சாகிவிட்டது.

கூட நோவது எப்படி என்று வன்னிச் செத்தவீட்டில் பார்க்கலாம். வந்த பெண் வாசலில் நின்று ஒன்றும் கேட்கமாட்டாள். நேரே உள்ளே போய், இழந்தவளின் தோளைச் சுற்றிக் கை போட்டு, முகத்தோடு முகம் வைத்து அழத் தொடங்குவாள். இரண்டு பேர் அழுவது நான்கு பேர் ஆகும். ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். திரும்பும்போது 'போட்டு வாறன்' என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போவதே முறை.

◆ அந்த அழுகைக்குப் பெயர் ஒப்பாரி. 'ஒப்பு' என்றால் நிகர். இறந்தவரைப் பொன்னுக்கும் மன்னனுக்கும் கோயில் தேருக்கும் நிகர் சொல்லி அழுவதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் 'ஒப்புச் சொல்லி அழுகிறது' என்றுதான் பேச்சு.

ஆனால் புகழ்ச்சியோடு அது நின்றுவிடுவதில்லை. கொடுப்பதாகச் சொன்ன சீதனக் காணியைக் கொடுக்காத அண்ணன், நோயில் கிடந்தபோது எட்டிப் பாராத மருமகள், குடித்துக் குடித்து உடலைக் கெடுத்துக்கொண்ட புருஷன், கண்ணில்லாத கடவுள், எல்லாருக்கும் ஒப்பாரிக்குள் பங்கு உண்டு. வேறு நாளில் வாய் திறந்தால் குடும்பமே சண்டைக்கு வரும். அன்று மட்டும் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். ஊர்ப் பெண்ணுக்குக் கிடைத்த முறைப்பாட்டு மேடை அது. தமிழ்நாட்டில் ஒப்பாரியை ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டிசே 2005இல் வெளியிட்ட நூலுக்கு, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். பாடுகிறவள் தன் சொந்தத் துயரத்தையே பாடுகிறாள் என்பது அவர் கண்டது. பாதி உண்மை என்பேன். மற்றப் பாதி, அந்தச் சொந்தத் துயரத்தின் நடுவே செத்தவர்தான் கிடக்கிறார்.

◆ வழமையில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிட வேண்டும். ஆகவே ஒப்பாரி உச்சத்துக்கு எழுவது பிரேதம் படலையைத் தாண்டும் அந்த நேரத்தில்தான்.

◆ வன்னிக்குச் சொந்தமான ஓர் ஒப்பாரி இலக்கியமாகவே நின்றுவிட்டது. 'வேலப்பணிக்கன் ஒப்பாரி' என்று அதற்குப் பெயர். கதை முல்லைத்தீவின் குமுழமுனைப் பக்கத்தது. பணிக்கர் என்றால் யானை பிடிப்பவர். வன்னியின் செல்வமே அந்நாளில் யானைதான். வன்னிமைகள் ஒல்லாந்தருக்குத் திறை கட்டியதும் யானையாகவே. மதம் பிடித்த கொம்பன் ஒன்று ஊரை அழித்துக்கொண்டிருந்தபோது, அதை அடக்க முன்வந்தவள் வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை. ஆண் பணிக்கர்கள் தயங்கி நின்ற வேலையை அவள் செய்து முடித்து, யானையைக் கட்டிக் கொண்டுவந்தாள். பொறாமை கொண்டவர்கள் வெற்றிலையில் நஞ்சு வைத்து அவளைக் கொன்றார்கள் என்கிறது கதை.

பெரும்பாலும் ஆணுக்காகப் பெண் அழுவதையே ஒப்பாரியில் கேட்கிறோம். இங்கே ஒரு பெண்ணின் வீரத்துக்காக, அவளுக்கு இழைத்த அநியாயத்துக்காக ஊரே அழுகிறது. 'வேழம் படுத்த வீராங்கனை' என்று அந்தக் கதை பின்னாளில் மேடையும் ஏறியது. வன்னிப் பிள்ளைகள் பண்டாரவன்னியனைப் படிக்கிற அதே வகுப்பில் அரியாத்தையையும் படிக்க வேண்டும்.

◆ அயர்லாந்திலும் ஒப்பாரிப் பெண்கள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் 'கீன்' என்றால் செத்தவருக்காக ஓலமிட்டுப் பாடுவது. கூர்மை என்ற பொருளுள்ள இன்னொரு 'கீன்' வேறு. இது அழுதல் என்ற ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. அழைத்து வந்து அழவைக்கும் தேர்ந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். தலைவிரி கோலமாகப் பிணத்தைச் சுற்றி நின்று, அவன் குலம் சொல்லி, குணம் சொல்லி, கொன்றவனைச் சபித்துப் பாடினார்கள். திருச்சபைக்கு அது பிடிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே தடை மேல் தடை. இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில பத்தாண்டுகளில் அநேகமாக அற்றுப்போனது.

அவர்களின் புகழ்பெற்ற ஒப்பாரி 1773இல் பிறந்தது. ஆர்ட் ஓ லேரி என்ற இருபத்தாறு வயதுக் குதிரை வீரன், தன் குதிரையை ஐந்து பவுணுக்கு விற்க மறுத்ததில் வந்த பகையில் சுட்டுக் கொல்லப்பட்டான். கத்தோலிக்கன் ஒருவன் அதற்கு மேல் விலையுள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஓடி வந்த மனைவி ஐலீன் பாடிய ஒப்பாரி வாய்மொழியாகவே தலைமுறைகளைக் கடந்து, பிறகு எழுத்தில் ஏறியது. சட்டம் கொன்றவனைக் காப்பாற்றும்போது மனைவியின் குரலே வழக்காகிறது. கண்ணகியை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

◆ கண்ணகி என்றதும் வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரத்திலுள்ள இந்த அம்மன் கோயிலுக்கு வைகாசிப் பொங்கலன்று வன்னி முழுவதும் நடந்து வரும். கடலிலிருந்து உப்புநீர் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து அந்த நீரிலேயே விளக்கெரிப்பார்கள். மதுரையை எரித்த பின் ஈழத்துக்கு வந்த அம்மன் பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் 'பத்தாப்பளை', அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் வரலாறு. கோவலன் கதை இந்தப் பகுதியில் கூத்தாகவும் நெடுங்காலம் ஆடப்பட்டது. அந்த ஆட்டமுறைக்கு 'முல்லை மோடி' என்றே பெயர்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி அழுகிற வரிசையைப் பாருங்கள். துன்பமாலையில் சூரியனைப் பார்த்து, என் கணவன் கள்வனா என்று கேட்கிறாள். ஊர்சூழ்வரியில் தெருத் தெருவாகப் போய், இந்த ஊரில் பெண்கள் இல்லையா, சான்றோர் இல்லையா, தெய்வம் இல்லையா என்ற பொருளில் கேட்கிறாள். அதற்கு அடுத்தது வழக்குரை காதை. அழுகை, ஊரைக் கேள்வி கேட்டல், அரசவையில் வழக்கு. இடையில் ஒன்றைக்கூட இளங்கோ தாண்டிச் செல்லவில்லை. அவளைத் தெய்வமாக வைத்திருக்கிற மாவட்டம் முல்லைத்தீவு.

◆ அழுகை எதனால் வரும்? தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது இளிவு. உயிரையோ பொருளையோ இழப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்ந்து போவது அசைவு. வறுமைக்கு உரை வேண்டாம். 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு, குடிநீருக்கு வரிசையில் நின்ற ஒரு வன்னிக் குடும்பத்தை நினைத்துக்கொண்டு இந்த நான்கையும் படித்தால், அந்தப் பழைய இலக்கணக்காரர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பது விளங்கும்.

◆ 'புலம்பு' என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் தரும் பொருள் தனிமை. அழுவது அல்ல, தனித்துக் கிடப்பது. பிறகுதான் அது வாய்விட்டு அழுவதாயிற்று. விவிலியத்தில் எருசலேமின் அழிவைப் பாடும் நூலுக்கு ஆங்கிலத்தில் 'லமென்டேஷன்ஸ்'. இலத்தீனில் ஓலம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். தமிழில் அதைப் 'புலம்பல்' என்று மொழிபெயர்த்தவர்கள் நல்ல சொல்லை எடுத்திருக்கிறார்கள். ஆள் நிறைந்திருந்த நகரம் தனியளாய் உட்கார்ந்திருப்பதே அந்த நூலின் முதற் காட்சி. இன்னொன்று: அதன் ஐந்து அதிகாரங்களில் நான்கு, எபிரேய எழுத்து வரிசைப்படி அடிக்கு அடி தொடங்குகின்றன. சிதைந்து போன நகரத்தைப் பாட, சிதையாத ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டான் அந்தப் புலவன்.

◆ 'டேர்ஜ்' என்றால் சாவுப் பாட்டு. கத்தோலிக்கர் இறந்தோருக்காகச் சொல்லும் இலத்தீன் செபத்தின் முதற்சொல் 'டிரிஜே'. வழிநடத்து என்று பொருள். அந்த முதற்சொல்லே தேய்ந்து பாட்டின் பெயராயிற்று. எங்கள் சைவ வீடுகளிலும் இப்படி ஒன்று உண்டு. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம், இறைவன் நீராடப் பொடி இடிக்கும் பெண்களின் மகிழ்ச்சிப் பாட்டு. ஈழத்தில் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது அதைப் பாடுவதால், இங்கு அதன் முதல் அடியைக் கேட்டாலே பலருக்குக் கண் கலங்கும்.

◆ கரையோரக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் பாடும் 'பசாம்' போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதன் உறவுச் சொல் 'பாஷன்'. இன்று அதைக் காதல், ஆர்வம் என்றெல்லாம் சொல்கிறார்கள். மூலப் பொருள் பாடுபடுதல்.

◆ தண்ணீரூற்று முஸ்லிம் வீட்டில் மையித்து கிடக்கும்போது ஒப்பாரி இராது. கண்ணீர் விடலாம், ஓலமிட்டு அழக் கூடாது என்பது மார்க்கம். 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கும் வசனம், எல்லாரும் இறைவனுக்குரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று சொல்லி நிறுத்திவிடும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவின் முஸ்லிம் ஊர்களும் வெறிச்சோடின. தங்கள் மையவாடிகளை விட்டுப் போனவர்களின் துயரத்தையும் முல்லைத்தீவின் துயரக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

◆ சங்க இலக்கியத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வு உண்டு. கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு இரங்கல். காடும் காடு சார்ந்த இடமுமான முல்லைக்கு இருத்தல், அதாவது வருவார் என்று பொறுத்துக் காத்திருத்தல். முல்லைத்தீவின் பெயரில் முல்லை, வாசலில் நெய்தல். பின்னால் காடு, முன்னால் கடல். 'இரங்கு' என்ற சொல்லே ஒலிப்பதையும் குறிக்கும். முரசும் இரங்கும், கடலும் இரங்கும், மனிதரும் இரங்குவார்கள்.

◆ 2004 டிசம்பர் 26. சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் கள்ளப்பாடு போன்ற கடலோரக் கிராமங்கள் குடும்பம் குடும்பமாக அழிந்தன. அழவேண்டியவர்களையும் சேர்த்தே கடல் எடுத்துக்கொண்டதால், பல வீடுகளுக்கு அயலூரார் வந்து அழுதார்கள்.

◆ காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் முல்லைத்தீவில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 மார்ச் 8ஆம் திகதி. கிளிநொச்சியில் அதற்கு முன்பே, பெப்ரவரி 20இல் தொடங்கிவிட்டது. வீதியோரக் கொட்டகை, பிள்ளைகளின் படங்கள், அவற்றின் முன் தாய்மார். பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். பெரும்பாலான மனைவிமார் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை.

அவர்களால் ஒப்பாரி வைக்க முடியாது. ஒப்பாரிக்கு ஒரு சாவு வேண்டும். திதி வேண்டும். பிரேதம் இல்லாவிட்டாலும், இறந்துவிட்டார் என்ற ஒரு சொல்லாவது வேண்டும். அமெரிக்க உளவியலாளர் பவுலின் பாஸ் இந்த நிலைக்கு 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருள்பட ஒரு பெயர் கொடுத்தார். மற்றத் துயரங்கள் மெல்ல ஆறும், இது ஆறாது, ஏனென்றால் அது முடிவதில்லை என்பது அவர் வாதம். இருத்தலும் இரங்கலும் ஒரே பெண்ணின் நெஞ்சுக்குள் ஒன்றை ஒன்று தின்னும் நிலை. 2016ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு வழி செய்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் அதே ஆண்டுச் சட்டத்தால் உருவானது. வங்கிக் கணக்குக்கும் காணி உறுதிக்கும் சான்றிதழ் உதவலாம். தாய்மார் கேட்பது, கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பதை. அந்தக் கேள்விக்குச் சான்றிதழ் விடையாகாது.

◆ வானொலியின் மரண அறிவித்தலை நினைவிருக்கிறதா? இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், இன்னாரின் மைத்துனர். இலங்கை வானொலி அதை வாசிக்கும்போது ஊரே வேலையை நிறுத்திக் கேட்கும். இப்போது 'முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும்' என்று இணையத்தில் வருகிறது. கடைசி வரி மட்டும் மாறவில்லை: உற்றார் உறவினர் இத்தகவலை ஏற்றுக்கொள்ளவும். ஆங்கிலத்தில் 'ஒபிச்சுவரி' என்பதன் இலத்தீன் மூலத்துக்கு, எதிர்கொண்டு போதல் என்று பொருள்.

◆ 'செமட்ரி' என்ற சொல்லின் கிரேக்க மூலம் உறங்கும் இடம். போரில் இறந்த போராளிகளை விதைத்த இடங்களுக்கு வன்னியில் 'துயிலுமில்லம்' என்று பெயர் வைத்தபோது, கிரேக்கரும் அப்படியே சொன்னார்கள் என்று யாரும் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். முள்ளியவளை, அலம்பில், விசுவமடு என்று இருந்த துயிலுமில்லங்களின் கல்லறைகள் போருக்குப் பின் இடித்து நிரவப்பட்டன. 2016 முதல் நவம்பர் 27இல் பெற்றோர் மீண்டும் போய், உடைந்த கல் துண்டுகளை ஒன்று சேர்த்து அவற்றின் முன் விளக்கேற்றுகிறார்கள். தன் பிள்ளையின் கல் எந்த வரிசை, எத்தனையாவது என்று தாய்க்குத் தெரியும்.

◆ முள்ளிவாய்க்கால் கஞ்சியில் என்ன இருக்கிறது? அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் போரின் கடைசி வாரங்களில் முள்ளிவாய்க்கால் மணல் திட்டில் அடைபட்டிருந்த சனத்துக்குக் கிடைத்தது அதுதான். போரின் கடைசி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக் கூடும் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. 70,000க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்ற தகவலை 2012இல் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு பதிவு செய்தது. ஆண்டுதோறும் மே 18ஐ ஒட்டிய வாரத்தில் கஞ்சி காய்ச்சித் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். துயரத்தைக் கையில் வாங்கி விழுங்க வைக்கிற இந்த முறை எந்தச் சாத்திரத்திலும் இல்லை. சனம் தானே உண்டாக்கிக்கொண்டது.

அதற்கும் தடை வந்தது. 2017 மே மாதம் முள்ளிவாய்க்கால் கிழக்கில், இறந்தோரின் பெயர் செதுக்கிய கற்களை வைத்து நடக்கவிருந்த நினைவேந்தலுக்கு நீதிமன்றத் தடை. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவரின் எதிர்ப்பால் அதே ஆண்டு மீண்டும் எழுந்தது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைதானார்கள். செத்தவருக்காக அழுவதை எந்த அரசும் அனுமதிக்கவோ மறுக்கவோ முடியாது. அது அரசுகளுக்கு முந்திய உரிமை.

◆ கனடிய நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏகமனதாக ஏற்றது. பிரம்ரன் நகரில் நினைவுத்தூபி திறந்தது 2025 மே மாதத்தில்.

◆ கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் மாதக் கடைசியில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் தென்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலை வரை கட்டம் கட்டமாக நடந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. போராட்டக் கொட்டகையிலிருந்த தாய்மார் சிலர் குழியருகே வந்து நின்றார்கள். தன் பிள்ளை அங்கே இருக்கக் கூடாது என்றும், இருந்தால் தெரிய வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு.

◆ நாம் 'கல்வெட்டு' என்றால் கோயில் சுவர் எழுத்து மட்டுமல்ல. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கும் ஈழத்தில் அதே பெயர். முதலில் திதி வெண்பா: இறந்த ஆண்டு, மாதம், திதி எல்லாம் நான்கு அடிக்குள் அடங்கும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஊர்ப் புலவர் எழுதித் தந்த பாக்கள். கடைசியில் வம்ச வழி. சங்கப் புலவர் அரசனுக்குப் பாடிய கையறுநிலை, எங்கள் ஊரில் தபாற்காரருக்கும் கமக்காரருக்கும் கிடைத்தது இந்தப் புத்தகங்களால்தான். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் பாட்டு எந்தத் துறையோ, அதே துறையில்தான் இவையும் நிற்கின்றன.

வன்னியில் இவற்றில் பெரும்பகுதி இடப்பெயர்வில் போய்விட்டது. 2009இல் இறந்த பலருக்குக் கல்வெட்டே கிடையாது. அச்சுக்கூடமும் இல்லை, முப்பத்தொன்றாம் நாளும் இல்லை. மிஞ்சியவற்றைப் பாதுகாக்க இன்னும் வழி உண்டு. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் மின்வருடி இணையத்தில் வைக்கிறது. உங்கள் அலுமாரியில், வெளிநாட்டிலுள்ள உறவினர் பெட்டியில் ஒரு பழைய கல்வெட்டு கிடந்தால் அங்கே கொடுங்கள். ஒப்புச் சொல்லத் தெரிந்த ஆச்சி வீட்டில் இருந்தால், அவர் சம்மதித்தால், கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பாட்டோடு சேர்த்து யார் பாடியது, யாருக்காக, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற நான்கையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். செத்தவீடு இல்லாத நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடப் பலர் மறுப்பார்கள், அது கூடாதென்பது நம்பிக்கை. கோயில் வீதியிலோ வயற்கரையிலோ இருத்திக் கேட்டால் பாடுவார்கள்.